பதினொரு கோயில்களும் ஒரு கதவும்

பலேர்மோவுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் லண்டன் நோர்பரியில் எங்கள் சனம் முதலில் கேட்பது, கடல் எப்படி, சாப்பாடு எப்படி என்பதுதான். கடலை நான் ஒரேயொரு தடவை பார்த்தேன். அதுவும் ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்குப் போகும் வழியில், மூச்சு வாங்குவதற்காகத் துறைமுகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. நாலு நாளில் பதினொரு வேதக்கோயில். நான் சைவக்காரன், எங்கள் கோயிலுக்கே தேருக்கும் தீர்த்தத்துக்கும் மட்டும் போகிறவன். இது எனக்குத் தேவையா?

இத்தனைக்கும் காரணம் என் நண்பன். மன்னார்க்காரன், கத்தோலிக்க வேதக்காரன், லண்டனில் பஸ் ஓட்டுகிறவன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் நாலே கதவுகள். அவன் என்னை மச்சான் என்பான், அவன் மகள் என்னை மாமா என்பாள். தெருமுனைக் கடையில் பால் வாங்குவதற்கும் காரை எடுக்கிற ஆள் அவன். நடப்பதென்றால் அவனுக்கு வேப்பங்காய். அப்படிப்பட்டவன் போன வைகாசியில் ஒரு நாள் என் வீட்டுக் குசினிக்குள் வந்து நின்றான்.

"மச்சான், ஒரு நாலு நாள் இத்தாலிக்குப் போட்டு வருவமே? கடல் இருக்கு, வெயில் இருக்கு. நீ சும்மா காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம்."

நான் கவுன்சிலில் வேலை செய்கிறேன். பிழையான இடத்தில் வாகனம் நிறுத்தித் தண்டம் கட்டியவர்கள் எழுதும் கோபக் கடிதங்களுக்கு மரியாதையாகப் பதில் எழுதுவது என் வேலை. வருடம் முழுக்கப் பேச்சு வாங்குகிறவனுக்குக் காலை நீட்டலாம் என்று யாராவது சொன்னால் போதாதா? மனிசியிடம் கேட்டுவிட்டு அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

வாசிக்கிறவர்களையும் அவன் என்னைச் சுற்றவிட்டதுபோல் சுற்றவிட எனக்கு விருப்பமில்லை. ஆகவே எனக்கு இரண்டாம் நாள்தான் தெரியவந்த விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் ஊர் பார்க்க வரவில்லை. அண்ணனைப் பார்க்க வந்தான். பலேர்மோவில் முப்பது வருடமாக இருக்கும் அண்ணன், பத்தொன்பது வருடமாக இவன் பேசாத அண்ணன். எங்கள் ஹோட்டலிலிருந்து ஐந்து நிமிட நடையில், சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அந்த அண்ணனின் வீடு. முகவரி எழுதிய துண்டு இவன் சட்டைப்பையில். அந்த ஐந்து நிமிடத்தை நடக்கப் பயந்துதான் என்னை நாலு நாள் ஊர் முழுக்க நடத்தினான்.

முதல் நாள் காலை எனக்கு இது ஒன்றும் தெரியாது. சந்தைக்குள் போனோம். வாள்மீனின் தலையை நிமிர்த்தி வைத்து ஒருவன் கூவிக் கூவி விற்றுக்கொண்டிருந்தான். நான் நின்று பார்க்க ஆசைப்பட்டேன். இவனோ ஒரு முடுக்கின் வாசலில் நின்று மேலே பார்த்தான். மூன்றாம் மாடிக் கம்பியில் இரண்டு நீலச் சேட்டும் ஒரு படுக்கை விரிப்பும் காய்ந்தன.

"என்னடா பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை. முதல் அந்தப் பெரிய கோயிலைப் பாத்திட்டு வருவம்."

பெரிய கோயிலைப் பார்த்தோம். அதன் கூரைக்கு ஏறலாம் என்று எழுதியிருந்தது. ஏறினோம். இறங்கினோம். பக்கத்தில் தங்கத் துகளால் சுவரெல்லாம் இழைத்த இன்னொரு கோயில். பிறகு வெள்ளைச் சுதைக் குழந்தைகள் சுவரில் தொங்கி விளையாடும் ஒரு சின்னக் கோயில். மூன்றும் அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. முழந்தாளிட்டான், சிலுவை போட்டான், எழும்பினான், "அடுத்தது எங்க?" என்றான். என் கால் உளைவெடுத்தது. மத்தியானம் சோற்றை உருட்டிப் பொரித்த உருண்டை ஒன்றை நின்றபடி தின்றதுதான் சாப்பாடு. பின்னேரம் கம்பியில் ஆட்டும் பொம்மைகளின் கூத்து. இரும்புக் கவசம் போட்ட பொம்மைகள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்தன. ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவன் முன்வரிசையில் இருந்து மகா கவனமாகப் பார்த்தான். சொந்த மகளின் பள்ளிக்கூட நாடகத்தில் நித்திரை கொண்ட ஆள்.

இரண்டாம் நாள் மறுபடி அதே முடுக்கு. இந்த முறை கம்பியில் நீலச் சேட்டு இல்லை, மேசை விரிப்பு ஒன்று. மறுபடி மேலே பார்த்தான்.

"மச்சான், இஞ்ச ஒரு நிலவறை இருக்காம். செத்த ஆக்களை உடுப்போட நிப்பாட்டி வைச்சிருக்கினமாம். பாப்பமே?"

"உனக்கென்ன விசரே? லீவு எடுத்துக்கொண்டு வந்து பிணம் பாக்கிறதோ?"

போனோம். நான் வேண்டாமென்று சொல்லி எப்போது எடுபட்டது? நிலத்துக்குக் கீழே நீண்ட வழிகள். இரண்டு பக்கச் சுவரிலும் காய்ந்துபோன மனிதர்கள், கோட்டும் கையுறையும் போட்டு, தலை சாய்த்து வரிசையாக நின்றார்கள். ஒரு கிழவருக்கு மீசை அப்படியே இருந்தது. வெளியே போவோம் என்று சொல்லத் திரும்பினால், இவன் அந்த மீசைக்காரருக்கு முன்னால் அசையாமல் நின்றான்.

"செத்து எத்தினை காலமான சனத்தை ஆர் வேணுமெண்டாலும் வந்து பாக்கலாம்," என்றான். "என்ர அம்மாவை நான் பாக்கேல்லை, மச்சான். பெட்டியைக்கூடப் பாக்கேல்லை."

அங்கே வைத்துத்தான் சொன்னான். தாய் மன்னாரில் இறந்தபோது இவனுடைய அகதிக் கேஸ் லண்டனில் இழுபட்டுக்கொண்டிருந்ததாம். செய்தி தெரிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவிடுவான், திரும்பி வர ஏலாது, இறங்கிய இடத்திலேயே பிடித்து உள்ளே போட்டாலும் போடுவார்கள் என்று அண்ணனுக்குப் பயம். சொந்தக்காரர் எல்லாருடைய வாயையும் அண்ணன் கட்டினார். இவன் கிழமைக்கொரு தடவை மன்னாருக்குப் போன் எடுப்பான், அங்கே எடுக்கிறவர்கள் ஏதாவது சொல்வார்கள். அம்மா கோயிலுக்குப் போய்விட்டா, அம்மா நித்திரை, அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்த பிறகு அண்ணன் போன் எடுத்துச் சொன்னார். இனி நீ எனக்கு அண்ணன் இல்லை என்று சொல்லி இவன் போனை வைத்தான். அந்த வருடமே கேஸ் வென்றது. அண்ணன் செய்தது சரிபோல ஆகிவிட்டதே என்று அது இன்னும் கோபத்தைக் கூட்டியது என்றான்.

"சரி, பத்தொன்பது வருசம் கழிச்சு இப்ப என்ன?"

எனக்கே தெரிந்த பதில்தான். மாசியில் அவன் மனிசியின் தங்கை பாரிஸில் இறந்துபோனாள். அவனுடைய மகளுக்கு அந்தச் சின்னம்மா என்றால் உயிர். நாளுக்கு நாலு தடவை பேசுவார்கள். மகளுக்கு அப்போது பல்கலைக்கழகப் பரீட்சை. புருசனும் பெண்சாதியும் சின்னம்மாவின் போன் பழுது என்றும் தாங்கள் ஒரு கலியாணத்துக்குப் போவதாகவும் மகளிடம் சொல்லிவிட்டுப் பாரிஸுக்கு ரயில் ஏறி, சவ அடக்கத்தில் நின்றுவிட்டு வந்தார்கள். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று பின்னேரம் மகளைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னான். அவள் ஒரு பையில் உடுப்புகளைத் திணித்துக்கொண்டு போனவள்தான். அன்றிலிருந்து தகப்பனுடைய போனை எடுப்பதில்லை.

"மனிசி சொல்லுறாள், நீங்களும் உங்கட அண்ணையும் ஒரே ஆள்தான் எண்டு," என்றான் மீசைக்காரரைப் பார்த்தபடி. "நான் அவனிட்ட மன்னிப்புக் கேக்கவேணும், மச்சான். அவன்ர பயம் எப்பிடிப்பட்ட பயமெண்டு இப்பத்தான் எனக்கு விளங்குது. அவனிட்டக் கேக்காமல் பிள்ளையிட்ட நான் என்ன முகத்தோட கேக்கிறது?"

எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் ஆத்திரமும் வந்தன. ஆத்திரம்தான் வெளியே வந்தது. "இதைச் சொல்ல என்னை இந்தப் பிணக் கிடங்குக்குள்ள கூட்டிக்கொண்டு வரவேணுமோ? நேற்று அந்தச் சந்தையில நிண்டு சொல்லியிருக்கலாமே?" என்றேன். காவலுக்கு நின்ற பெண் வாயில் விரல் வைத்து எங்களை அதட்டினாள்.

சரி, விஷயம் வெளியே வந்துவிட்டது, இனி நேரே போவான் என்று நினைத்தேன். நான் மொக்கன். மூன்றாம் நாளும் முடுக்கு வாசலில் நின்று மேலே பார்த்தான். படுக்கை விரிப்பு. மலைமேல் அந்த ஊர்ப் புனிதையின் குகைக்கோயில் இருக்கிறதாம், நேர்ந்துவிட்டு வந்தால் துணிவு வருமாம். பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறினோம். இவன் ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால் நின்று, கியர் பிழையாகப் போடுகிறான் என்று எனக்கு முறைப்பாடு சொல்லிக்கொண்டே வந்தான். மேலே அந்த ஊரில் குடியிருக்கும் எங்கள் தமிழ்ச் சனம் பத்துப் பதினைந்து பேர், நெற்றியில் திருநீறு பூசியவர்கள்கூட, குகைச் சுவரிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்காவது இவன் அண்ணனைத் தெரியாமல் இருக்காது. யாரென்று கேட்டுவிடுவார்களோ என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். ஐம்பத்து மூன்று வயது மனிதன்.

"எடேய், ஒரு போன் எடுத்துச் சொல்லிப்போட்டுப் போவம்," என்று கெஞ்சினேன். "திடீரெண்டு போய் வாசலில நிண்டா அந்த மனிசன் பயந்துபோகும்."

"சொன்னா வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுவான். போய் நிண்டா ஒண்டும் செய்யேலாது."

இரவுச் சாப்பாட்டில் மன்னிப்புப் பேச்சை எனக்கு ஒப்பித்துக் காட்டினான். அண்ணை, நான் செய்தது பிழை. அண்ணை, நீ செய்ததும் பிழை, ஆனா எனக்கு விளங்குது. இந்த இரண்டாவது வசனம் வேண்டாம் என்றேன். அதுதான் உண்மை என்று என்னோடு சண்டைக்கு வந்தான். சண்டையில் என் ஒரே நல்ல வெள்ளைச் சேட்டில் தக்காளிக் குழம்பு கொட்டியது.

நாலாம் நாள் மத்தியானம் விமானம். காலை ஏழே முக்காலுக்கு அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்துக்கொண்டு போனேன். இதில் மிகைப்படுத்தல் இல்லை, பிடித்துக்கொண்டுதான் போனேன். வழியில் ஒரு கோயில் திறந்திருந்தது. ஒரு நிமிடம் என்றான். அதுதான் பதினோராவது. அவன் கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டிருந்தான். என்னிடம் கறை படாமல் மிஞ்சியிருந்தது ஒரு கறுப்புச் சேட்டு.

மூன்று மாடி ஏறினோம். அவன் கை மணிக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் எட்டி அழுத்தினேன்.

கதவைத் திறந்தவருக்கு இவனுடைய அதே மூக்கு. தலை முழுக்க நரை. வேலைக்குப் புறப்படுகிறார்போல, ஒரு காலில் மட்டும் சொக்ஸ், உடம்பில் அந்த நீலச் சேட்டு. இவனைப் பார்த்தார். பிறகு என்னையும் என் கறுப்புச் சேட்டையும் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர் மோசம் போனது?" என்றார், சாவுச் செய்தி கேட்கிறவரின் குரலில்.

ஒப்பித்த பேச்சில் ஒரு சொல்கூட இவன் வாயில் வரவில்லை. "ஒருத்தருமில்லை, அண்ணை. நான் சும்மா வந்தனான்."

"பத்தொன்பது வருசம் வராதவன் சும்மா வருவியோ? காலங்காத்தால, ஆளையும் கூட்டிக்கொண்டு? மறைக்காதை, தம்பி. உன்ர மனிசியோ? பிள்ளையோ?"

மறைக்காதை என்ற சொல் கேட்டதும் இவன் உடைந்து அழத் தொடங்கினான். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. நான் குறுக்கே புகுந்து, இவன் சொல்வது உண்மை அண்ணை, எல்லாரும் சுகம் என்றேன்.

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றார் என்னிடம். "நீங்கள் அவனைத் தாங்கிப் பிடிக்க வந்தனீங்கள். சாவை மறைச்சு வைச்சு மெல்லச் சொல்லுறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். நானும் செய்தனான்." பிறகு தம்பியிடம், "பிள்ளையைக் காட்டு. இப்ப, இதில வைச்சுக் காட்டு."

இவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தான். அடித்து அடித்து நின்றது. மறுபடி எடுத்தான். நின்றது. அண்ணன் மெல்ல வாசற்படியில் குந்திவிட்டார். அவள் கோபத்தில் எடுப்பதில்லை என்று அந்த மனிதருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? விளங்கப்படுத்தினாலும் நம்புவாரா? பாழாய்ப்போன என் போனை எடுத்து நான் அழைத்தேன். லண்டனில் அப்போது ஏழு மணிகூட ஆகவில்லை.

நாலாவது அடிப்பில் எடுத்தாள். முகமெல்லாம் தலைமுடி, கண் பாதி திறந்திருந்தது. திரையில் என்னைக் கண்டதும் கட்டிலில் எழும்பி இருந்துவிட்டாள்.

"மாமா? அப்பாக்கு என்ன? ப்ளீஸ் மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கு மறைக்காதீங்கோ."

நான் போனை அவன் பக்கம் திருப்பினேன். மூன்று மாதமாக அந்தக் குரலுக்கு ஏங்கியவன் மறுபடி அழத் தொடங்கினான். தகப்பன் அழும் முகத்தைக் கண்டு அவள் இன்னும் பயந்துபோனாள். என்ன நடந்தது, ஆர், ஆர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வாசற்படியில் குந்தியிருந்தவர் அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்தார். சுவரைப் பிடித்து எழும்பி, ஒரு காலில் சொக்ஸோடு வந்து, தம்பியின் தோளைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு திரைக்குள் முகத்தைக் கொடுத்தார்.

"பயப்பிடாதை, பிள்ளை," என்றார். "உன்ர அப்பாவுக்கு ஒண்டுமில்லை. பெரியப்பா நான் கண்ணால பாத்துக்கொண்டு நிக்கிறன்."