இரண்டு பக்கமும்

மகளின் புது மர ஸ்கேலின் வாசனை என்னைக் கைலாசபுரத்தில் இப்போது இடிக்கப்பட்டுவிட்ட அந்தக் கார் ஷெட்டுக்கு இழுத்துப்போனது. கணக்கில் ஃபெயிலானவர்களுக்கு அங்கேதான் டியூஷன். தகரக் கூரை கொதிக்கும், சாக்பீஸ் தூள் நாக்கில் ஒட்டும், உள்ளங்கையில் ஸ்கேல் விழும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

எக்ஸ் கூட்டல் ஐந்து, சமம் பன்னிரண்டு. என்னோடு படித்த ஆரோக்கியம் இடப்பக்கம் மட்டும் ஐந்தைக் கழித்திருந்தான். சார் என்று நாங்கள் கூப்பிட்ட அந்த மிருகம் அவன் இடது கையில் ஓங்கி அடித்தது.

"ஒரு பக்கம் செஞ்சா மறு பக்கமும் செய்யணும்டா!"

அவன் அழாமல் வலது கையையும் நீட்டினான். "அப்ப இந்தப் பக்கமும் அடிங்க சார்."

ஸ்கேல் முறியும்வரை அடி விழுந்தது. சமன்பாடு எங்களுக்கு அன்றுதான் புரிந்தது.

"ரெண்டு பக்கமும் அஞ்சைக் கழிம்மா," என்றேன் வீட்டுக்கணக்கில் திணறிக்கொண்டிருந்த மகளிடம்.

அவள் ஸ்கேலோடு நிமிர்ந்தாள். "ஏம்மா ரெண்டு கையையும் பின்னாடி மறைச்சுக்கிட்ட?"