குடிக்காதவன் செய்த சத்தியம்

என் வாழ்நாளில் நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் எனக்குக் குடிகாரன் என்று பெயர். அந்தப் பெயரை நானாகத்தான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப் போகும் தோணியில் எனக்கு வேலை. காற்றுக் காலம் முடியும்வரை தோணி கரையில் நிற்கும். அப்படி நின்ற ஒரு பருவத்தில்தான் இடது கால் மரத்துப்போனது. வெயில் ஏற ஏறக் கால் பின்னியது. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இன்ஜின் சாமான் வாங்கப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். நரம்பின் மேலுறை உரிந்துபோகும் நோயாம். மருந்தால் மட்டுப்படுத்தலாம், முழுக்கப் போகாது என்றார்.

தடுமாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த அசதியைத்தான் தாங்க முடியவில்லை. மூட்டை சுமந்த அசதி தூங்கினால் போய்விடும். இதுவோ விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் பாயிலேயே காத்திருக்கிறது. சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் எனக்கு அன்றைய நாள் முடிந்துவிடும்.

பட்டப்பகலில் தெருவில் தள்ளாடி வருகிறவனை எங்கள் ஊர் என்னவென்று நினைக்கும்? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது; நானும் மூட முயலவில்லை. தோணியை நடத்தும் தண்டல், கரையில் குடிக்கிறவனைத் திட்டிக்கொண்டே ஏற்றிக்கொள்வார். கடலுக்குள் போனால் தெளிந்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். நோயாளியை ஏற்றமாட்டார்.

மனைவி என்னிடமிருந்து ஒதுங்கிப் படுத்தாள். நான் பக்கத்தில் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைப் பொறுக்கமாட்டாமல் அவளுடைய அண்ணன் ஒருநாள் என்னைக் குருசடிக்கு இழுத்துக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவன் அங்கே சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்வது வழக்கம்.

"கைய வச்சு சொல்லும் மாப்ள, இனிமே தொடவே மாட்டேன்னு."

சொன்னேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு மனைவி சிரித்தபடி நின்றாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், தோணியைப் பார்த்துவிட்டு வரும்போது வீட்டு வாசலிலேயே விழுந்தேன்.

"சிலுவையத் தொட்டுச் செஞ்ச சத்தியம், மூணு நாளு தாங்கலையா ஒங்களுக்கு?" என்று கத்திக்கொண்டே வந்தவள், என்னைத் தூக்கக் குனிந்தாள். முகத்தருகே வந்ததும் அப்படியே நின்றாள். மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள்.

"வாடையே இல்லையே... ஒங்களுக்கு என்ன செய்யிது?"

பாயில் கிடந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். "குடியாவே இருந்திருக்கக் கூடாதா? அதுன்னா விட்டிரலாமே," என்றாள்.

தண்டலிடம் அவளே போய்ச் சொன்னாள். நான் தடுக்கவில்லை. நடுக்கடலில் என் கையை நம்பி நிற்கும் இன்னொருவனை நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. காற்று அடங்கியதும் தோணி நான் இல்லாமல் கிளம்பிப் போனது.

இப்போதும் நான் தடுமாறினால், அவள் ஓடிவந்து முதலில் என் வாயைத்தான் மோந்து பார்க்கிறாள். வாடை அடித்தால் தேவலை என்று அந்த நேரத்தில் நானும் நினைக்கிறேன்.