அம்மாவின் கிளாமர்

எங்கள் ஊர்ப் பெண்கள் தண்ணீர் கேட்டு பஸ்ஸை மறித்த கதையை யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

அந்தக் கோடையில் ஊருணி வெடித்துக் கிடந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மனுக் கொடுத்துச் சலித்துப்போய், ஒருநாள் காலையில் அம்மாவும் தெருப் பெண்களும் காலிக் குடங்களோடு நரிக்குடி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். எவரோ படம் எடுத்துப் போக, மறுநாள் அது இங்கிலீஷ் பேப்பரில் வந்தது. முன்வரிசையில் அம்மா, குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி, வாயைத் திறந்தபடி.

பேப்பரைக் கொண்டுவந்தவர் பெரியப்பா. அருப்புக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் வேலை பார்த்ததால் இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரே நம்பியது. படத்துக்குக் கீழே இருந்ததை விரல் வைத்துப் படித்தார். பெண்களும் தண்ணீரும் சரியாகவே வந்தன. நடுவில் இருந்த வார்த்தையில் கொஞ்சம் முழித்தார்.

"கிளாமர்னு போட்டுருக்கான்."

கிளாமருக்கு அர்த்தம் தெரிய எங்கள் ஊரில் அகராதி வேண்டாம், சினிமா போஸ்டர் போதும். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "தண்ணி கேக்கப் போனியா, மினுக்கப் போனியா?" என்று அம்மாவிடம் பாய்ந்தார். நைந்த சேலையும் புழுதியுமாக அவள் நிற்கிற படத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்! அடுத்த நாள் பெண்கள் நரிக்குடி யூனியன் ஆபீசுக்குப் போக இருந்தார்கள். அம்மா போகக்கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ஏழாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு, தெருக்கோடியில் குடியிருந்த இங்கிலீஷ் டீச்சரிடம் ஓடினேன். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். கிளாமரில் இரண்டு உண்டு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், இங்கிலீஷில் 'ஜி' போட்டால் கவர்ச்சி, 'சி' போட்டால் கூச்சல் என்றார். "நான் இல்லாதபோது வகுப்பில் நீங்கள் போடுவீர்களே, அது" என்றும் சொன்னார். பிற்பாடு அந்த 'சி' போட்ட வார்த்தையை எத்தனையோ இடத்தில் படித்துவிட்டேன். கிளாமர் செய்வது எப்போதும் கூட்டமும் குழந்தைகளும்தான். ஒரு அதிகாரி செய்ததாக எங்கேயும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னேன். "கவர்ச்சி இல்லப்பா, கூச்சல்! அம்மா கூச்சல் போட்டாகன்னுதான் எழுதிருக்கு."

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பா, அது மட்டும் நல்ல பேரா என்று முனகினார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தமிழிலும் வார்த்தை கிடைக்கவில்லை. அம்மா கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"தண்ணிதானடி கேட்டோம்," என்றாள். "கேட்டாகன்னு சொல்ல இங்கிலீசுல வார்த்தை இல்லையா?"

இருக்கிறது, ஆஸ்க், அது சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும் என்றேன்.

"பெறகு ஏன் அதைப் போடல?"

அது சின்ன வார்த்தை, பேப்பரில் பெரிய வார்த்தையாகத்தான் போடுவார்கள் என்று விளக்கினேன். மறுநாள் காலையில், அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அம்மா மற்றப் பெண்களோடு நரிக்குடி பஸ் ஏறப் போய்விட்டாள். பாவம், அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.