எல்லைக்குள்தான்

தொலைபேசியில் அவள் சுற்றி வளைக்கவில்லை. கொழும்பில் வேலை செய்தபோது என்னோடு பழகியவள். எனக்குத் திருமணம் நிச்சயமாவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பிரிந்திருந்தோம்.

"எனக்கு கொனோரியா எண்டு பால்வினை நோய் வந்திருக்கு. நீங்களும் போய்ப் பாருங்கோ. பகிடி விடாமப் போங்கோ."

அவளுக்கு என்னைத் தெரியும். சாவு வீட்டிலும் பகிடி விடுகிற வாய் என்னுடையது.

எனக்கு ஒரு நோவும் இல்லை. அதோடு, நாங்கள் எல்லை தாண்டியதில்லை. படகுகள் எல்லை தாண்டிய செய்தியை அடிக்கடி கேட்கிற துறைமுகத்து ஆள் நான். எனக்கென்றும் ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். வாயோடு நின்றுகொண்டால் அது கோட்டுக்கு இந்தப் பக்கம். நிச்சயித்த பெண்ணோடும் அதே கோட்டைத்தான் வெகு ஒழுக்கமாகக் காத்து வந்தேன்.

கிளினிக்கில் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தேன். அதனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், எங்கள் ஊர்த் தெருவெல்லாம் திரிகிற மான்களில் வாசலில் நின்ற ஒன்று உட்பட.

"உறவு இருந்ததோ?" என்று கேட்டார் டொக்டர்.

"இல்லை."

"வாயால?"

"ஓம். அது எல்லைக்குள்ளதானே டொக்டர்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஆர் தம்பி கீறின எல்லை? அது தொண்டையிலயும் தொத்தும். கனபேருக்கு நோகாது, இருக்கிறதே தெரியாது. மூத்திரத்தை மட்டும் பார்த்தாப் பிடிபடாது. வாயைத் திறவுங்கோ."

பஞ்சு சுற்றிய குச்சி அடித்தொண்டையைத் தொட்டபோது கண்ணில் நீர் வந்தது. மூத்திரமும், சிபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் இரத்தமும் எடுத்தார்கள்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. இரத்தத்தில் ஒன்றுமில்லை, மூத்திரத்திலும் இல்லை. தொண்டையில் இருந்தது. ஊசி போட்டார்கள்.

"திரும்ப வந்து காட்டோணும். அதுவரைக்கும் ஒண்டும் வேண்டாம், வாயாலயும்தான். கலியாணம் பேசினவவுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?"

"ஊசி போட்டாச்சுத்தானே டொக்டர்..."

"ஊசி உங்களுக்கு. அவவுக்கு?"

அன்று பின்னேரம் கடற்கரையில் நிச்சயித்தவளிடம் சொன்னேன். வழியில் மூன்று பகிடிகள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"இது எல்லைக்குள்ளதான், ஒண்டும் வராது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம். நான்தான் சொன்னனான்."

அவள் மோதிரத்தை விரலில் சுழற்றிக்கொண்டே இருந்தாள். கழற்றுவாளோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிளினிக் எத்தின மணிக்குத் திறக்கும்?"

"எட்டு மணிக்கு. நான் கூட்டிக்கொண்டு..."

"வேண்டாம். நான் தனியப் போறன். கலியாணக் கதை பிறகு."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் கிளினிக்குக்குள் போவதை வீதிக்கு மறுபக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வழியால் போன இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள். நானும் காட்டினேன். ஹெல்மெட் மோட்டார் சைக்கிளில் தொங்கிக்கொண்டிருந்தது.