அரிசி மூட்டைக்குக் கீழே இருந்த நாற்றம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு கோடைகாலம். தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். சிரிப்பு பிறகுதான் வரும், அதுவும் எல்லா நாளும் வராது.

அந்த வருடக் குளிரில் எங்கள் வீட்டின் பின்பக்கத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. சமைக்கிற குசினியும் அதற்குப் பின்னால் இருந்த குளியலறையும் ஊறி, தரைப் பலகையெல்லாம் உக்கிப் போயின. கோடையில் திருத்த வேலை தொடங்கியதும் வீட்டுக்குள் தண்ணீரும் இல்லை, மின்சாரமும் இல்லை என்றாகிவிட்டது; வெளியே தோட்டத்துக் குழாய் மட்டும் ஓடியது. என் கணவரோடு வேலை செய்த ஒருவர் இரக்கப்பட்டுத் தன்னுடைய பழைய கேம்பர் வானைத் தந்தார். படுக்கை, காஸ் அடுப்பு, கக்கூஸ், நின்றபடி குளிக்க ஒரு பெட்டி என்று எல்லாம் உள்ள நீளமான வண்டி. அதை வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு நானும் கணவரும் பத்து வயது மகளும் அதற்குள் குடியேறினோம்.

வானைத் தந்த மனிதர் போகும்போது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கக்கூஸ், பாத்திரம் கழுவும் தொட்டி, குளிக்கும் பெட்டி மூன்றின் கழிவும் வண்டிக்கு அடியில் இருந்த ஒரே தாங்கிக்குள்தான் போகும். அதன் அடைப்பானை மூடியே வைத்திருக்க வேண்டும். தாங்கி நன்றாக நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறந்து விட வேண்டும். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் அவருக்கு எப்போதும் சொன்னவரைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். ஒரு தடித்த குழாயை வாங்கி வந்து, தாங்கியிலிருந்து வேலியோரம் இருந்த வீட்டுக் கழிவுக் கானுக்குள் விட்டு, அடைப்பானைத் திறந்தே வைத்துவிட்டார். இனி நிறையவும் மாட்டாது, நிறைந்ததா என்று பார்க்கவும் தேவையில்லை என்று பெருமை வேறு.

குளிக்கும் பெட்டியை நாங்கள் பாவிக்கவே இல்லை. அதற்குள் ஓர் ஆள் கையைத் தூக்க ஏலாது, பிறகு எப்படித் தலை முழுகுவது? பின்வளவில் இருந்த மரக் கொட்டிலுக்குள் வாளியில் சுடுதண்ணீர் கொண்டு போய் அள்ளிக் குளித்தோம். எங்கள் ஆட்களுக்கு ஒரு மூலை சும்மா கிடந்தால் பொறுக்காதே. ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடையில் வாங்கி வந்த அரிசி மூட்டை அந்தப் பெட்டிக்குள் ஏறியது. அதற்கு மேல் வெங்காயப் பை, பக்கத்தில் தேங்காய்கள். நல்ல களஞ்சியம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

வெயில் ஏறத் தொடங்கியதும் நாற்றமும் தொடங்கியது. வானுக்குள்ளும் மணத்தது, முற்றத்திலும் மணத்தது. கக்கூசைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சாம்பிராணி போட்டேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு வந்தார். வெள்ளைக்காரி, எங்களோடு நல்ல மாதிரித்தான் பழகினவர். நத்தார்ப் பண்டிகைக்கு நான் பொரித்துக் கொடுக்கும் பற்றீசைப் புகழ்ந்து புகழ்ந்து சாப்பிட்ட வாய்தான் அது. அந்த வாயால் என் கணவரிடம், கோடை நாளில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்றார். உங்கள் உணவு உங்களுக்குப் பிடிக்கும்தான், ஆனால் வானின் மெல்லிய சுவருக்குள் சமைத்தால் தெரு முழுக்க மணக்கிறது, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா? அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் கூடுதலாக எரிந்தது.

அதைவிட எரிந்தது என்னுடைய மனிதர் செய்த வேலை. மன்னிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்று இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளே வந்ததும் எனக்குக் கட்டளை. மீன் வேண்டாம், தாளிக்க வேண்டாம், மிளகாய் பொரிக்கவே வேண்டாம், வீடு திருத்தி முடியும் வரைக்கும் பாணும் ஜாமும் போதுமாம்.

நானும் வாயை மூடிக்கொண்டு சம்மதித்தேன். காலையில் பாண், மத்தியானம் பாண், இரவில் அவித்த உருளைக்கிழங்கு. ஆசுபத்திரிச் சாப்பாடு தோற்றது. அரிசி மூட்டையை அசைக்க வேண்டிய தேவையே வரவில்லை. நாற்றம் மட்டும் நாளுக்கு நாள் கூடியது. பாணும் ஜாமும் இப்படி மணக்குமா என்று ஒருத்தராவது கேட்க வேண்டாமா? வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை. சரி, அவர்கள் வேற்று ஆட்கள். இந்தப் பக்கம் என் கணவருமே கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு என் தாளிதச் சட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட மகள் வான் வாசலில் நின்று தன் சட்டைக் கையை மூக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, என்னில மணக்குதோ?"

இல்லை என்று சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன், அவளைக் கட்டிப் பிடிப்பது போலக் குனிந்து அவளுடைய தலைமுடியை மோந்து பார்த்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இந்த நேரத்தில்தான் என் அப்பாவின் ஆட்டைத் திவசம் வந்தது. அப்பா அதற்கு முந்திய வருடம் யாழ்ப்பாணத்தில் போய்விட்டார். பாதை பூட்டு, சண்டை. செய்தி வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அதனால் முதல் வருடத் திவசத்துக்கு என் கையால் சமைத்து, அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வடையும் பாயாசமும் வைத்துப் படைக்க வேண்டும் என்று மாதக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். திதி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. திதியை நாங்கள் நினைத்த நாளுக்கு மாற்ற ஏலாது.

அதே ஞாயிறு பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் அவர்களுடைய மகளின் நிச்சயதார்த்தத் தேநீர் விருந்து. அந்த அம்மாள் வந்து, அன்று ஒரு நாளைக்காவது அடுப்பு மூட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். பாண் தின்று நாக்குச் செத்துப் போயிருந்த எங்களிடம் வந்து கேட்டார்! நான் வாயைத் திறக்க முன்னம் என் கணவர் கட்டாயம், கட்டாயம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் சமாதானம் பேசினார்.

"இஞ்சேரும், நான் ஈஸ்ட் ஹாமில கடையில மரக்கறிச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வாறன். அதைப் படைப்பம். அப்பா கோவிக்க மாட்டார்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ர அப்பான்ர செத்தவீட்டுக்கும் நான் போகேல்லை. இந்த ஒரு நேரச் சோறெண்டாலும் என்ர கையால காய்ச்சிப் படைப்பன். மறிக்கிறதெண்டால் வந்து மறியுங்கோ."

அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் அந்தக் கோபத்தோடேயே திவசத்துக்கு அரிசி புடைத்து வைப்போம் என்று குளிக்கும் பெட்டியைத் திறந்து மூட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மூட்டை நகர்ந்ததும் முகத்தில் அறைந்தது நாற்றம். பின்னால் சாய்ந்துவிட்டேன். மூட்டை இருந்த இடத்துக்குக் கீழே, தண்ணீர் போகிற ஓட்டை. குனிந்து பார்த்தேன். அதற்குள் இருந்துதான் வருகிறது. பக்கத்தில் கை கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரை அப்படியே அதற்குள் கவிழ்த்தேன். குளுகுளுவென்று இறங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப மோந்து பார்த்தேன். கதவைச் சாத்தின மாதிரி நாற்றம் நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குசினித் தொட்டிக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று இருக்குமல்லவா? அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கீழே இருக்கிற காற்றை மேலே வரவிடாமல் மறிக்கிறது. நாங்கள் குளிக்கவும் இல்லை, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றவும் இல்லை. வளைவு காய்ந்து, தாங்கிக்குள் இருந்ததெல்லாம் என் அரிசி மூட்டையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஐயோ, அந்த அரிசியை நினைத்தால் இப்போதும் குமட்டும். அதைக் கொட்டிவிட்டு வேறு வாங்கினோம்.

உள்ளுக்குள் நாறியது இதென்றால், வெளியே நாறியது எது? இறங்கி வேலியோரம் போனேன். அங்கே இவருடைய பெருமைக்குரிய குழாய் கானுக்குள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அவர் வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றவும் விடாமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அடைப்பான் திறந்துதானே கிடக்கிறது, எல்லாம் உடனுக்குடன் போய்விடுமே என்றார். தண்ணீர் போய்விடும், மிச்சம் எங்கே போகும் என்று கேட்டேன். அவர் அடைப்பானைப் பார்த்தார், தாங்கியைப் பார்த்தார். தண்ணீர் உடனே வடிந்துவிட, போக வேண்டியது போகாமல் தாங்கியின் அடியில் படிந்து, இத்தனை நாளாக வெயிலில் வெந்துகொண்டிருந்தது. முகம் சுண்டிப் போய்விட்டது அவருக்கு.

மறுநாள் சனிக்கிழமை. அடைப்பானை மூடி, தோட்டத்துக் குழாயால் தாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்பி, சலவைச் சோடாவும் கரைத்து ஊற்றினோம். உள்ளே பிடித்திருப்பது கழல வேண்டுமென்று அவர் வானை எடுத்துக்கொண்டு சட்டன் தெருக்களில் சுற்றினார். ஒவ்வொரு வளைவிலும் அடியில் தளும்புகிற சத்தம் கேட்டதாம். நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்தேன். வந்து ஒரேயடியாகத் திறந்து விட்டார். திரும்ப நிரப்பி, திரும்பச் சுற்றி, வெளியே வருவது தெளிந்த தண்ணீராகும் வரைக்கும் விடவில்லை. பிறகு அடைப்பானை இறுக மூடி, குழாயும் கானும் சேருகிற இடத்தை ஈரத் துணியால் அடைத்தார். நான் வானில் இருந்த எல்லா ஓட்டைகளுக்குள்ளும் தண்ணீர் ஊற்றினேன். பின்னேரம் முற்றத்தில் நின்று மூச்சு இழுத்தேன். வெட்டின புல் மணம் மட்டும்தான் வந்தது.

ஞாயிறு விடியத் தலை முழுகி அடுப்பை மூட்டினேன். ஒன்றையும் குறைக்கவில்லை. கத்தரிக்காய் பொரித்தேன், செத்தல் மிளகாய் தாளித்தேன், சட்டி சட்டியாக வடை சுட்டேன். வேண்டுமென்றே வான் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தபோது அழுகை வந்தது. அழுதேன்.

பின்னேரம் விருந்து நடந்துகொண்டிருந்தபோது அந்த அம்மாள் நல்ல உடுப்போடு வேலிக்கு வந்தார். முகம் நிறையச் சிரிப்பு. சமைக்காமல் விட்டதற்கு மெத்த நன்றி என்றார். எவ்வளவு வித்தியாசம், காற்றே சுத்தமாகிவிட்டது, நான் சொன்னேன்தானே என்றார்.

என் கணவர் அதற்கும் சிரித்துத் தலையாட்டத் தொடங்கினார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வடைத் தட்டோடு வேலிக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் நிதானமாகச் சொன்னேன்.

"இன்று விடியற்காலையிலிருந்து சமைத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாளும் நாங்கள் பாண்தான் சாப்பிட்டோம். உங்களுக்கு நாறியது எங்கள் கக்கூஸ் தாங்கி. அதை நேற்றுக் கழுவிவிட்டோம்."

அவருடைய முகம் சிவந்தது. ஓ, எப்படியோ போய்விட்டதே, அதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டு விருந்தாளிகளிடம் திரும்பிப் போனார். மன்னிப்பு என்ற ஒரு சொல் வரவில்லை. அன்றும் இல்லை, நாங்கள் அந்த வீட்டில் இருந்த மிச்சக் காலத்திலும் இல்லை. திவசச் சாப்பாட்டை அயலுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். இரண்டு வடையாவது கொடும் என்று கணவர் மெல்லச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. அதற்காக எனக்கு இன்று வரைக்கும் வருத்தமும் இல்லை.

அந்த வடைகளை மகள் வான் படியில் இருந்து வயிறு முட்டச் சாப்பிட்டாள். விரலெல்லாம் எண்ணெய். அதைச் சட்டையில் துடைத்தாள், நான் ஏசவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னது பிழைதான், ஆனால் அவர் சொன்ன அன்றே நாங்கள் மூன்று பேரும் அதை நம்பிவிட்டோமே, அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் எங்காவது யாராவது என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தால், நான் என் சேலையையோ என் பிள்ளையின் தலையையோ மோந்து பார்ப்பதில்லை. முதலில் ஓட்டைக்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம் என்று சொல்கிறேன்.