இஸ்திரி போட்ட சான்றிதழ்

எங்கள் தெருவில் அவளை மடிப்பக்கா என்போம். துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறாள். கசங்கிய எதைக் கண்டாலும் அவள் கை சும்மா இருக்காது; பேசிக்கொண்டே நம் சட்டைக் காலரை நீவிவிடுவாள். நான் நீதிமன்ற வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவள். முன்கோபி என்று பெயர் வாங்கியவள். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் நியாயமானது, சொல்லிவிடுகிறேன்.

கடையின் வாடகை ஒப்பந்தம் அவளுடைய பெரியக்கா பேரில் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷி. மூன்று மாதம் முன்பு போய்ச் சேர்ந்துவிட்டாள். உயில் கிடையாது. கட்டடச் சொந்தக்காரரோ, "வெள்ளிக்கிழமைக்குள்ள கோர்ட் உத்தரவோட வாங்க, இல்லேன்னா வேற ஆளுக்கு விட்டுடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கடை போனால் மடிப்பக்காவுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"மலைக்காதே. சின்னச் சொத்துதான். வாரிசுங்க எல்லாரும் பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டு, இறப்புச் சான்றிதழோட குடுத்தா அன்னிக்கே உத்தரவு வாங்கிடலாம். பெரிய வழக்கெல்லாம் வேண்டாம்" என்றேன்.

"வாரிசு ரெண்டே பேருதான். நானும் தம்பியும்" என்றாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பெரியக்காவை ஆஸ்பத்திரியில் யார் பார்த்துக்கொள்வது என்று தொடங்கிய சண்டை. சாவுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. இரண்டும் வீம்பு பிடித்த ஜென்மங்கள்.

நானே போன் போட்டேன். பஸ் ஓட்டும் தம்பி வெள்ளிக்கிழமை காலை வந்தான். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டான், அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு வெளியே மரத்தடியில் போய் நின்றுகொண்டான். கிளம்பவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

மடிப்பக்கா காகிதங்களோடு உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் முகம் வெளுத்துத் திரும்பினாள். குமாஸ்தா இறப்புச் சான்றிதழை விரலால் தடவிப் பார்த்தாராம். மேடாக அழுத்தியிருக்க வேண்டிய முத்திரை வழவழவென்று இருந்ததாம். "இது செல்லாதும்மா, அசலைக் கொண்டு வாங்க" என்றாராம்.

வாங்கிப் பார்த்தேன். தாளில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குச் சுரீரென்றது.

"அடிப்பாவி! இதைத் தேய்ச்சியா?"

"பையில கசங்கிப் போச்சு. கோர்ட்டுக்கு அப்படியா கொண்டு போறது? மேல துணி போட்டு, சூட்டைக் குறைச்சுதான் தேய்ச்சேன்."

"சூட்டைக் குறைச்சாளாம்! அந்த மேடுதான்டி முத்திரை. முத்திரையையே சுருக்கம் எடுத்துட்டு வந்து நிக்கறியே!"

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். இன்னொன்று வாங்கப் பத்து நாளாகும். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என் வாயை நினைத்து எனக்கே வெட்கமாகப் போயிற்று.

கத்தல் கேட்டுத் தம்பி வந்தான். விஷயத்தைச் சொன்னேன். பர்ஸைத் திறந்து, எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்தான். ஓரம் கிழிந்திருந்தது, காபிக் கறை வேறு. அதே சான்றிதழின் இன்னோர் அசல். முத்திரை என் விரலில் புடைப்பாகத் தட்டுப்பட்டது. அப்பாடா!

"லீவுக்குக் காட்டணும்னு வாங்கினது. ஆபீஸ்ல குடுக்க மனசு வரல. பெரியக்கா பேரு இருக்கே" என்றான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கு நான் ஒழுங்கா வரலதான், சின்னக்கா" என்றான்.

"வந்தப்ப நான் உன்னை நிக்க விட்டேனா?" என்றாள் அவள்.

இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். குமாஸ்தா தடவிப் பார்த்துத் தலையாட்டி, தாளைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று மணிக்கு உத்தரவு கைக்கு வந்தது. படமெடுத்துக் கட்டடக்காரருக்கு அனுப்பினேன். "சரி, கடை உங்களுக்குத்தான்" என்று பதில் வந்தது. மடிப்பக்கா விட்ட பெருமூச்சில் என் மேஜைக் காகிதங்கள் பறக்காதது ஆச்சரியம்.

தம்பியின் சான்றிதழை மேஜைமேல் வைத்தாள். அவளையறியாமல் உள்ளங்கை அதை நீவப் போயிற்று.

"ஐயோ, இதையாவது விட்டு வை!" என்று அவன் அவள் கையைப் பிடித்தான். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அவன் மடித்திருந்த மடிப்பிலேயே, கோணல்மாணலாக, அவள் அதை மடித்து அவன் சட்டைப்பையில் வைத்தாள்.