மரத்தின் மேல் ஒட்டிய மரம்

இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. நேற்று அந்த ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்ததிலிருந்து எனக்குப் படபடப்பு அடங்கவே இல்லை. எனக்கே இப்படி என்றால் அக்காவை நினைத்துப் பாருங்கள்.

என் அக்கா கட்டட இன்ஜினியர். சிமெண்ட் கம்பெனியில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள், திடீரென்று அதை உதறிவிட்டு மர ஆலைக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தாள். பொதுமக்களுக்காகக் கட்டும் பெரிய கட்டடங்களை மரத்தில் கட்டுங்கள் என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய்ச் சொல்வதுதான் வேலை. வெட்டிய இடத்தில் நட்டால் மரம் மறுபடி வளரும், சிமெண்ட் வளருமா என்று கேட்பாள். எல்லா ஆபீஸிலும் அவளைத் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தீப்பிடிக்காதா? அதற்கென்றே உலையில் சுட்ட உத்தரத் துண்டு ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தாள். மேலே விரல் கனத்துக்குக் கரி, உள்ளே நல்ல மரம். பெருத்த உத்தரம் மெதுவாகத்தான் எரியும், மேலே படியும் கரியே உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் என்று காட்டுவதற்காக. கல்யாண வீட்டுக்கும் அந்தப் பையோடுதான் வருவாள். புதுத்துணியில் கரி பட்ட சொந்தக்காரர்கள் ஏராளம். என் பிள்ளைகளுக்கு அவள் கரிக்கட்டைப் பெரியம்மா.

கடைசியில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நான்கு மாடியில் ஒரு புதுக் கட்டடத்தை மரத்தில் கட்ட நகரசபை இறங்கி வந்தது. பலகைகளை அடுக்கடுக்காகப் பசை போட்டு அழுத்திச் செய்த தூண்களும் சுவர்களும் ஆலையிலேயே தயாராகி லாரியில் வந்தன. கட்டடம் மளமளவென்று எழுந்தது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. திறப்பு விழா அன்று நகரசபையின் கட்டடக் குழு வந்து பார்க்கும். பிடித்துப்போனால் அடுத்துக் கட்டப்போகும் பள்ளிக்கூடங்கள் எல்லாமே மரம், இல்லாவிட்டால் பழையபடி கான்கிரீட். இத்தனை வருஷம் அவள் நாயாக அலைந்ததெல்லாம் அந்த ஒரு நாளில் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். கட்டடத்தில் கடைசிக்கட்ட வேலை நடந்தபோதெல்லாம் என் வீட்டுக் கட்டிலில் படுத்துக் கிடந்தாள். சைட் மேனேஜரைப் போனில் துளைத்தெடுப்பாள். அவரும் ஜோராகப் போகிறது, வந்து பார்த்தால் அசந்துபோவீர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று திறப்பு விழாவுக்கு ஊன்றுகோலோடு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் வரிசையாகத் தூண்கள், மரநிறத்தில் பளபளவென்று நின்றன. நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அக்கா முதல் தூணில் கை வைத்தாள், சட்டென்று எடுத்துவிட்டாள். நொண்டிக்கொண்டே அடுத்த தூணுக்குப் போய் விரலை மடக்கித் தட்டினாள். மேலே ஏதோ அட்டையைத் தட்டுவது போல டொக் டொக் என்றது. அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. கிளை முளைத்த கணு எல்லாத் தூணிலும் ஒரே உயரத்தில், ஒரே வடிவத்தில் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரத்தூணைச் சுற்றி ஜிப்சம் போர்டு அடித்து, அதன்மேல் மரம் மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள்.

மேனேஜர் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். தினமும் மருந்து போட்டுத் துடைத்தால் மரத்தில் கறை பிடிக்கும் என்று டாக்டர்கள் பயந்தார்களாம், அதனால் மூடச் சொன்னார்களாம். மூடியதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டதாம். மரக் கட்டடம் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்றே என்று ஸ்டிக்கர் யோசனை இவருக்கே தோன்றியதாம்.

"அப்படியே மரம் மாதிரியே இருக்குல்ல மேடம்?"

"உள்ள இருக்கிறதே மரம்தானேங்க," என்றாள் அக்கா.

"ஆமா மேடம். ஆனா இது அதைவிடப் பளிச்சுன்னு இருக்கு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் குழுத் தலைவர் ஆட்களோடு வந்துவிட்டார். தூணைத் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் அக்கா ஜெயித்திருப்பாள். அவளுக்குத்தான் பொய் சொல்லவே வராதே.

"ஐயா, இது ஸ்டிக்கர். மரம் உள்ள இருக்கு. பிரிச்சுக் காட்டச் சொல்றேன், பாருங்க."

அவர் நம்பாமல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார்.

"அப்ப வேலை சுலபமாப் போச்சே. ஸ்கூலெல்லாம் வழக்கம்போல கான்கிரீட்லயே கட்டி, மேல இதை ஒட்டிடலாம்."

குழுவில் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். தீயா, கரையானா, மழையா, எதைக் கேட்டாலும் பதிலை நுனிநாக்கில் வைத்திருப்பவள், கைப்பையைப் பாதி திறந்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். தலைவர் அவள் பக்கம் வந்து மனசாரப் பாராட்டினார்.

"எல்லாம் உங்க முயற்சிதாம்மா. நீங்க விடாம வந்து சொல்லலைன்னா, மரம் இவ்வளவு அழகுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"நன்றிங்க ஐயா," என்றாள் அக்கா. அவள் கத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.